எல்லை தாண்டும் குடித்தனத்தின் கணக்கு

ஓசூரில் குடியிருக்கும் ஒரு குடும்பம் கிருஷ்ணகிரிக்கு வீடு மாறினால் சாமான் லாரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதே குடும்பம் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிபோனால் ஏறத்தாழ அதில் பாதித் தூரம்தான். ஆனால் கிருஷ்ணகிரிக்குப் போகிறவர்கள் மாற்ற வேண்டியது முகவரியை மட்டும். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்களின் கார் வரி, பிள்ளையின் பாடமொழி, ரேஷன் அட்டையின் பயன், சாதிச் சான்றிதழின் செல்லுபடி எல்லாமே கேள்விக்குள்ளாகின்றன.

இந்த எல்லைக்கோட்டின் கனத்தை உலக வங்கியோடு தொடர்புடைய பொருளியலாளர்கள் சிலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டவாரித் தரவுகளை எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்து அமைந்த மாவட்டங்களுக்கிடையே மக்கள் எவ்வளவு இடம்பெயர்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். ஒரே மாநிலத்துக்குள் இருக்கும் அண்டை மாவட்டங்களுக்கிடையிலான பெயர்வு, நடுவே மாநில எல்லை குறுக்கிடும் அண்டை மாவட்டங்களுக்கிடையிலான பெயர்வைவிடக் குறைந்தது 50 சதவீதம் அதிகம் என்பது அவர்களின் முடிவு. மொழி வேறுபாட்டைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த இடைவெளி மறையவில்லை. மாநிலத்தோடு கட்டுண்ட ரேஷன், கல்லூரி இட ஒதுக்கீடு, அரசு வேலை ஆகியவற்றைக் காரணங்களாக அவர்கள் சுட்டினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் இடம்பெயர்ந்தோர் 45 கோடிப் பேர். அவர்களில் மாநிலம் விட்டு மாநிலம் போனவர்கள் 5.4 கோடி அளவில்தான்.

வேறு மாநிலத்துக்குக் குடிபோகும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது லாரி வாடகையை. அது தேவைதான், ஆனால் அது கணக்கின் ஒரு பகுதி மட்டுமே. செலவாகித் திரும்ப வராத பணம், வேறொருவர் கையில் முடங்கி மெதுவாகத் திரும்பும் பணம், எல்லையிலேயே நின்றுவிடும் உரிமைகளின் பண மதிப்பு என்று மூன்று தனித்தனிக் கணக்குகள் எழுத வேண்டியிருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்.

லாரி ரசீதில் என்ன இருக்கிறது

முதல் கணக்கிலேயே கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2007-இல் இயற்றப்பட்டு 2011 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 1865 முதல் இருந்துவந்த பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. சரக்கு ஏற்றும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது தர வேண்டும் என்கிறது அது. லாரித் தொழிலில் ‘எல்ஆர்’ என்றும் ‘பில்டி’ என்றும் சொல்லப்படும் இந்த ரசீதுதான் பின்னால் எழும் எந்தத் தகராறுக்கும் அடிப்படை.

சட்டத்தின் முக்கியமான பகுதி இழப்பீட்டு வரம்பு. பொருள் உடைந்தாலோ தொலைந்தாலோ நிறுவனத்தின் பொறுப்பு, விதிகளின்படி, சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்குக்குள் அடங்கும். அதற்குமேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் பொருளின் மதிப்பை முன்பே அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்த ஒப்புக்கொள்ள வேண்டும். மொத்தம் 40,000 ரூபாய் வாங்கும் நிறுவனம் அதில் 22,000-ஐக் கட்டும் கூலி, ஏற்றி இறக்கும் கூலி என்று பிரித்து எழுதி, சரக்குக் கட்டணமாக 18,000 மட்டும் காட்டினால், வரம்பு 4 லட்சத்திலிருந்து 1.8 லட்சமாகச் சுருங்கும் வாய்ப்பு உண்டு. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி., மரக் கட்டில், பீரோ இருக்கும் நடுத்தர வீட்டில் 1.8 லட்சம் போதாது. பில்லைப் பிரித்து எழுதும் விதத்தைப் பொறுத்து ஜிஎஸ்டியும் மாறும்: போக்குவரத்து மட்டும் என்றால் 5 சதவீதம், கட்டுவது முதல் பிரித்து அடுக்குவது வரை ஒரே சேவையாக விற்றால் 18 சதவீதம்.

‘இன்சூரன்ஸ்’ என்ற பெயரில் பொருள் மதிப்பில் ஒரு சதவீதத்தைக் கூடுதலாகக் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம். அந்தப் பணம் உண்மையான காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறதா, பாலிசி எண்ணோடு ஆவணம் வருகிறதா என்று கேட்டுப் பெற வேண்டும். பாலிசி இல்லாமல் ரசீதில் மட்டும் எழுதப்படும் தொகை நிறுவனத்தின் சொந்த வாக்குறுதி, காப்பீடு ஆகாது. எதையும் அறிவிக்காமல் ‘உடைமையாளர் பொறுப்பில்’ என்று முத்திரை குத்திய ரசீதை வாங்கிக்கொள்வது, பின்னால் வாதாடும் நிலையைப் பலவீனமாக்கும்.

இழப்பு நேர்ந்தால் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும்; இல்லையென்றால் வழக்குத் தொடர வழியில்லை. அட்டைப்பெட்டிகள் சிலவற்றை ஆறு மாதம் பிரிக்காமலே வைத்திருக்கும் பழக்கம் இங்கே ஆபத்தாக முடிகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு நல்ல வசதியைச் செய்திருக்கிறது: நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் தான் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மலிவாக விலை சொல்லிச் சாமானை ஏற்றிவிட்டு, வழியில் நிறுத்திக் கூடுதல் பணம் கேட்கும் மோசடி எல்லாப் பெருநகரங்களிலும் நடக்கிறது. சோதனைச் சாவடி வரி, நுழைவு வரி என்று காரணம் சொல்வார்கள். மாநில எல்லை வரிச் சாவடிகள் ஜிஎஸ்டி வந்த 2017-லேயே அகற்றப்பட்டுவிட்டன. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லும் தேவையில்லை. விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. கடையிலிருந்து பிரிக்காத புதுப் பொருள் சேர்ந்து போகும்போதுதான் அதன் பில் கையில் இருக்க வேண்டும். சாமான்களைப் பட்டியல் போட்டு, படமெடுத்து, ஓட்டுநரிடம் பட்டியலில் கையெழுத்து வாங்கியவர்கள் பின்னால் வரும் தகராறில் வலுவாக நிற்கலாம். கேஸ் சிலிண்டரை மட்டும் லாரியில் ஏற்றவே கூடாது. அதையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாற்றுச் சீட்டைப் பெற்றுக்கொண்டால் போன ஊரில் அதைக் காட்டி இணைப்பைத் தொடரலாம்.

முடங்கும் பணம்

இரண்டாவது கணக்கு அட்வான்ஸிலிருந்து தொடங்குகிறது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறாக எழுதப்படாதபோது, மூன்று மாத வாடகையை அட்வான்ஸின் உச்சமாக வைக்கிறது; காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது. பெங்களூருவில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். இன்று ஐந்து, ஆறு மாதங்களுக்கு இறங்கிவரும் வீட்டு உரிமையாளர்களும் இருக்கிறார்கள்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் வாடகை 20,000. கொடுத்து வைத்திருக்கும் அட்வான்ஸ் 60,000. பெங்களூருவில் பார்த்த வீட்டுக்கு வாடகை 28,000. அட்வான்ஸ் ஆறு மாதம் என்றால் 1,68,000. முதல் மாத வாடகை 28,000. தரகருக்கு ஒரு மாத வாடகை 28,000. இரண்டு வீடுகளையும் ஒரு மாதம் சேர்த்து வைத்திருந்தால் பழைய வீட்டுக்கு இன்னொரு 20,000. லாரிக்கு 40,000. சென்னை அட்வான்ஸ் கைக்கு வருமுன்பே 2,84,000 ரூபாய் வெளியே போயிருக்கும். இதில் லாரியின் பங்கு ஏழில் ஒன்றுதான். பாதிக்கு மேற்பட்ட தொகை அட்வான்ஸாகப் போய், அடுத்த முறை வீடு மாறும்வரை அசையாமல் கிடக்கும். சென்னை வீட்டுக்காரர் வெள்ளையடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவது வரை அந்த 60,000-ஐ வரவில் எழுதக் கூடாது.

மற்ற ஆவணங்கள் எல்லாம் புதிய வீட்டின் வாடகை ஒப்பந்தத்தை நம்பியே இருக்கின்றன. ஆதார் முகவரி மாற்றம், கேஸ், வங்கி, பள்ளி, வாகனப் பதிவு என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்கப்படும் முதல் காகிதம் அது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டம் சொல்வதால்தான் நாடு முழுக்க 11 மாத ஒப்பந்தம் பழக்கமாயிற்று. மகாராஷ்டிரத்தில் அதுவும் போதாது. 1999 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிம ஒப்பந்தங்களையும் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது. புனேவுக்கோ மும்பைக்கோ போகிறவர்கள் முத்திரைத் தாள், பதிவுக் கட்டணம் இரண்டையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி வரியில் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்; வண்டி கடனில் இருந்தால் வங்கியின் ஒப்புதலும் தேவை. பிறகு புதிய மாநிலத்தின் ஆயுள் வரி. கர்நாடகத்தில் புதிய காருக்கு விலைக்கேற்ப 13 முதல் 18 சதவீதம் வரை வரி; பழைய காருக்கு வயதுக்கேற்ப அது குறையும். குறைந்தாலும் பல பத்தாயிரங்களில் இருக்கும். தமிழ்நாட்டில் ஏற்கெனவே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் புதிய மாநிலத்தில் பணம் கட்டி, புதிய எண் வாங்கி, அந்தப் பதிவுச் சான்றைக் காட்டிய பிறகே விண்ணப்பிக்க முடியும். பணம் முதலில் போகிறது. வரவு பின்னால் வருகிறது. இதையும் முடங்கும் பணத்தில்தான் எழுத வேண்டும்.

வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் தங்கினாலே வரி என்று கர்நாடக அரசு 2014-இல் சட்டத்தைத் திருத்தியது. அது செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. அந்த ஓராண்டு அவகாசத்தை அறியாமல் முதல் மாதத்திலேயே பதறுபவர்களும், அதை மறந்து மூன்றாவது ஆண்டில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. அடிக்கடி மாற்றலாகும் வேலையில் இருப்பவர்களுக்கு 2021 செப்டம்பரில் வந்த ‘பிஎச்’ வரிசை எண் நல்ல வழி. அரசு, பொதுத்துறை, ராணுவ ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்களும் இதைப் பெறலாம். ஆயுள் வரிக்குப் பதிலாக இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாம்.

பிள்ளைகளின் படிப்பு

குடிபோகும் மாதத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பள்ளிதான். ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் குடும்பங்கள் வீடு மாறத் தயங்கும். ஆனால் மத்திய வாரியப் பள்ளிகள் ஏப்ரலில் திறக்கின்றன, மாநில வாரியப் பள்ளிகள் ஜூனை ஒட்டித் திறக்கின்றன. ஆண்டு நடுவில் மாறினால் கட்டிய கட்டணம் திரும்புவதில்லை. புதிய பள்ளியில் சேர்க்கைக் கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

எட்டாம் வகுப்பு வரை சட்டம் குழந்தையின் பக்கம் நிற்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும் என்கிறது, டி.சி. வரத் தாமதமானதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. ஒன்பதுக்குப் பிறகு நிலைமை இறுகுகிறது. ஒன்பதும் பத்தும், பதினொன்றும் பன்னிரண்டும் இணைந்த படிப்புகளாகக் கருதப்படுவதால் இடையில் வாரியம் மாறுவது கடினம். தேதியைத் தள்ளிப்போட வழியுள்ள குடும்பங்கள் எட்டு முடிந்ததும் போவது நல்லது, அல்லது பத்தின் பொதுத்தேர்வு வரை காத்திருப்பது நல்லது.

மொழியும் செலவுக் கணக்கில் வரும். கர்நாடகம் 2015-லும், கேரளம் 2017-லும், தெலங்கானா 2018-லும், மகாராஷ்டிரம் 2020-லும் தத்தம் மொழியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கச் சட்டம் இயற்றியிருக்கின்றன. தமிழ்நாடு 2006-லேயே இதைச் செய்தது. தன் மொழியைத் தன் மண்ணில் கற்பிக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்து ஏழாம் வகுப்பை முடித்த பிள்ளை, மற்றவர்கள் ஏழாண்டு படித்த கன்னடத்தை அகரவரிசையிலிருந்து தொடங்க வேண்டும். முதல் ஓராண்டுக்கு மொழி டியூஷன் செலவை மாத பட்ஜெட்டில் எழுதிவிடுவதும், குடிபோகும் முன் கோடை விடுமுறையிலேயே எழுத்துகளைக் கற்றுக்கொள்ளத் தொடங்குவதும் பிள்ளையின் தவிப்பைக் குறைக்கும்.

எல்லையில் நின்றுவிடும் உரிமைகள்

மூன்றாவது கணக்கு ஏழைக் குடும்பங்களையும் இட ஒதுக்கீட்டை நம்பும் குடும்பங்களையும் அதிகம் தாக்குகிறது.

‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் 2019-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் எல்லா மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் உள்ளே வந்தன. கைரேகை வைத்து எந்த ஊர்க் கடையிலும் அரிசி வாங்கலாம். குடும்பத்தின் ஒரு பகுதியினர் ஊரிலும் மற்றவர்கள் வெளிமாநிலத்திலும் தங்கள் பங்கைப் பிரித்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் முன்னுரிமை அட்டைகளுக்கும் அந்தியோதயா அட்டைகளுக்கும் மட்டுமே பொருந்தும். தமிழ்நாடு எல்லோருக்கும் பொது விநியோகம் வைத்திருப்பதால் இங்கே முன்னுரிமையற்ற அட்டைதாரர்களும் விலையில்லா அரிசி வாங்குகிறார்கள். அவர்கள் எல்லையைக் கடந்தால் அந்த அரிசி கிடைக்காது. மாநில அரசு தன் பணத்தில் தரும் பருப்பும் பாமாயிலும் யாருக்குமே எல்லை தாண்டுவதில்லை.

பெங்களூரு அரசுப் பேருந்தில் பெண்கள் இலவசமாகப் பயணம் செய்ய 2023-இல் தொடங்கிய ‘சக்தி’ திட்டம் கர்நாடக முகவரி கொண்ட அடையாள அட்டை கேட்கிறது. தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டணப் பேருந்தில் எந்த அட்டையும் காட்டாமல் போய்வந்து பழகிய பெண்ணுக்கு, ஆதார் முகவரி மாறும்வரை தினசரிப் பேருந்துச் செலவு புதிதாகச் சேரும். கர்நாடகத்தில் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரும் ‘கிருஹ ஜோதி’யும் வாடகைக்குக் குடியிருப்போருக்கு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். முகவரி மாற்றத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் இப்படி ஒரு விலை இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு இட ஒதுக்கீடு. ஆந்திரத்தில் பிறந்த ஒரு சிறுவன் தந்தையின் வேலை காரணமாக ஒன்பது வயதில் மும்பைக்கு வந்து அங்கேயே படித்தான். ஆந்திரத்தில் அவன் சமூகம் பழங்குடிப் பட்டியலில் இருந்தது. மகாராஷ்டிரத்தில் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டபோது அந்தத் தகுதி ஏற்கப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ அறிவிக்கப்பட்டவர் இன்னொரு மாநிலத்தில் அந்த நிலையைக் கோர முடியாது என்று 1990-இல் தீர்ப்பு வந்தது. 2018-இல் மற்றோர் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலவாரியானதே. மத்திய அரசுக் கல்லூரிகளிலும் வேலைகளிலும் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். போன மாநிலத்தின் சொந்த இடங்களில் செல்லாது.

ஆகவே பிள்ளை எந்த மாநிலத்து ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறது என்பதை ஆறாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. நடுவில் இரண்டாண்டு வெளிமாநிலத்தில் படித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். கிளம்புவதற்கு முன்பே வருவாய்த் துறையில் சாதிச் சான்று, பிறப்பிடச் சான்று இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வது, இதற்காக மட்டும் பின்னால் ஊருக்கு ஓடிவரும் பயணச் செலவை மிச்சப்படுத்தும்.

செலவை யார் ஏற்பது

மத்திய அரசு தன் ஊழியர்களை மாற்றும்போது இந்தச் செலவை ஒப்புக்கொள்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017-இல் வந்த ஆணைப்படி, 6 முதல் 11 வரையிலான நிலை ஊழியர் 6,000 கிலோ சாமான் கொண்டுபோகலாம். சாலைவழிக்குக் கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்று அப்போது வரம்பு வைத்தார்கள். அதற்குமேல் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மாற்றல் மானியமாகத் தனியே உண்டு. 35,400 ரூபாய் அடிப்படைச் சம்பளக்காரருக்கு அது 28,320 ரூபாய். தனியார் நிறுவனத்தில் வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் இந்த அளவுகோலைக் காட்டியே பேசிப் பார்க்கலாம். மாற்றலுக்காக நிறுவனம் தரும் படியில், கட்டுவதற்கும் கொண்டுபோவதற்கும் உண்மையாகச் செலவான தொகைக்கு வருமான வரி விலக்கும் உண்டு. பில்கள் பத்திரமாக இருக்க வேண்டும்.

கூலித் தொழிலாளிக்கும் ஒருகாலத்தில் சட்டம் இதை எண்ணிப் பார்த்தது. 1979-இல் வந்த மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் அழைத்துச் செல்லும் தொழிலாளிக்கு மாதக் கூலியில் பாதியையோ 75 ரூபாயையோ, எது அதிகமோ அதை, இடப்பெயர்வுப் படியாகத் தரச் சொன்னது. பயணச் செலவு தனி. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் பயணப்படி இருக்கிறது. இடப்பெயர்வுப் படி இல்லை. வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போவதில் அதிகம் இழப்பவர்களிடமிருந்து இந்தப் படி பறிபோனது பெரும் அநீதி. அது திரும்ப வர வேண்டும்.

மற்றவற்றையும் மாற்ற முடியும் என்பதற்கு ரேஷனே சான்று; நான்கு மாநிலங்களில் தொடங்கியது மூன்றே ஆண்டில் நாடு முழுக்கப் பரவியது. வாகன வரியில் அதைவிடச் சுலபமாகச் செய்யலாம். பெரும்பாலான மாநிலங்களின் வாகனப் பதிவுகள் ஏற்கெனவே ‘வாகன்’ என்ற ஒரே தரவுத்தளத்தில் இருக்கின்றன. புதிய மாநிலம் ஆயுள் வரி கேட்கும்போதே, பழைய மாநிலத்தில் மீதமிருக்கும் வரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் வாங்கி, இரண்டு அரசுகளும் தங்களுக்குள் நேர்செய்துகொள்ளும் ஏற்பாடு வந்தால், பெங்களூருவில் அட்வான்ஸ் கட்டிய அதே மாதத்தில் ஒரு குடும்பம் இரட்டை வரியையும் கையிலிருந்து போட்டுவிட்டுச் சென்னை ஆர்டிஓ அலுவலகத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.